ஷெரிப் அடித்த நான்கு ஆணிகள்

"ஷெரிப்பைக் கைது பண்ற அதிகாரம் உங்களுக்கு இருக்காமே, நெசமா?"

கழுதையின் பல்லை ராவிக்கொண்டிருந்த ஏசா டில்லட்சன் நிமிர்ந்து பார்த்தார். கொட்டகை வாசலில் கறுப்பு உடையில் ஹுல்டா பிரான்வோல்ட் நின்றாள். போன மாதம் கணவனைப் புதைத்தவள்.

"இருக்கும்மா. ஜட்ஜ் எழுதிக் கொடுத்தா," என்றார் டில்லட்சன்.

கழுதையின் தலையைப் பிடித்திருந்த அதன் சொந்தக்காரர், நாவிதர் லூட் ஹார்கிஸ், வாயைப் பிளந்தார். "டாக்டரே! இத்தனை வருஷமா எங்கிட்ட சொல்லவே இல்லையே?"

சால்ட் ஃபோர்க் மாவட்டத்தில் நீதிமன்ற உத்தரவு எதுவானாலும் அதை நிறைவேற்றுபவர் ஷெரிப். வரி வசூலிப்பவர் அவரே. வரி கட்டாதவரின் நிலத்தை ஏலம் விடுபவரும் அவரே. அப்படியானால் ஷெரிப்பின் மேலேயே ஓர் உத்தரவு பிறந்தால் என்ன செய்வது? தன் கையில் தானே விலங்கு மாட்டிக்கொள்ளும்படி அவரைக் கேட்க முடியாது. அதற்குச் சட்டம் ஒரு சின்னக் கதவைத் திறந்து வைத்திருந்தது. அந்த ஒரு வேலைக்கு மட்டும் கொரோனர், அதாவது சந்தேக மரணங்களை விசாரிக்கும் அதிகாரி, ஷெரிப்பின் இடத்தில் நிற்பார். டில்லட்சன் பிழைப்புக்குக் கால்நடை வைத்தியர். வேறு யாரும் முன்வராததால் கொரோனர். அந்த மாவட்டத்தில் இந்த அதிகாரத்தை யாரும் அதுவரை தொட்டதில்லை.

"உட்காருங்கம்மா. முதல்லேர்ந்து சொல்லுங்க."

ஹுல்டா உட்காரவில்லை. "நீல்ஸ் வரி கட்டாத ஆளில்லை. ஏப்ரல்லயே காசோட வந்தாரு. 'கம்பளி வித்ததும் மொத்தமாக் கட்டு'ன்னு ஷெரிப் ராயல் ஸ்ட்ரவுட்தான் திருப்பி அனுப்பினான். மே கடைசியில வந்து கோர்ட்டுக் கதவைப் பார்த்திருக்காரு. எங்க நிலத்தைப் பத்தி ஒரு தாளும் இல்லை. அடுத்த வாரமே ஏலம். எடுத்தது யாரு? ஸ்ட்ரவுட்டோட மச்சான் கல்வர்!"

நிலத்தை ஏலம் விடுவதற்கு முன் ஒரு மாதம் முழுக்க அதன் அறிவிப்பு நீதிமன்றக் கதவில் தொங்க வேண்டும். தொங்கவில்லை என்றால் ஏலம் செல்லாது. ஏழை, பணக்காரன், எழுதப் படிக்கத் தெரிந்தவன், தெரியாதவன் எல்லோரும் ஒரு நாள் அந்தக் கதவைக் கடப்பார்கள், யாராவது படித்துச் சொல்வார்கள் என்பது அந்த ஏற்பாட்டின் கணக்கு.

"ஜூலையில ஸ்ட்ரவுட் எங்களைக் காலி பண்ண வந்தான்," என்று ஹுல்டா தொடர்ந்தாள். "நீல்ஸ் வாசலை மறிச்சு நின்னாரு. கையில ஆட்டு ரோமம் வெட்டுற கத்திரி. நெஞ்சுல சுட்டான். 'சட்டப்படி வந்த அதிகாரியைத் தடுத்தான்'னு தீர்ப்பு எழுதினது நீங்க."

"நான்தான். அவர் கையில இருந்த உத்தரவு செல்லும்னா அந்தத் தீர்ப்பு சரி."

"செல்லாதுன்னா?"

"அன்னைக்கு அவர் ஷெரிப்பா வரலை. துப்பாக்கியோட அடுத்தவன் வீட்டுல நுழைஞ்ச ஆளு. அதுக்குப் பேரு கொலை."

அவள் முகத்தில் முதன்முறையாக ஏதோ அசைந்தது. "இந்த ஊர்ல மரம் ஏது, பலகை ஏது? யார் செத்தாலும் கோர்ட்டுக் கதவைக் கழட்டித்தானே அதுல கிடத்துவீங்க? ஆத்துல மிதந்து வந்த, பேர் தெரியாத மாட்டுக்காரனுக்குக்கூட அந்த மரியாதை கிடைச்சது. என் புருஷனுக்குக் கிடையாதுன்னான். 'வரி கட்டாதவனுக்கு மாவட்டத்துக் கதவு எதுக்கு?'ன்னு கேட்டான். மண்ணுல கிடத்தினீங்க அவரை. நாளைக்கு ஜட்ஜ் ஏவரில் வந்து கல்வரோட பத்திரத்துல முத்திரை போட்டுட்டா எல்லாம் முடிஞ்சுது."

"உங்களுக்கு நிலம் திரும்பி வரணும். அதானே?"

"நிலம் அப்புறம். எனக்கு அவன் வேணும்."

டில்லட்சன் அரத்தைத் துடைத்து வைத்தார். "லூட், கழுதையைக் கட்டு. போய் அந்த அறிவிப்பைப் பார்த்துட்டு வருவோம்."

நீதிமன்றம் என்பது புல்வேரோடு வெட்டிய மண்கட்டிகளால் எழுப்பிய ஒற்றைக் கூடம். கதவு மட்டும்தான் அதில் ஆடம்பரம். கிழக்கிலிருந்து ரயிலிலும் பிறகு மாட்டு வண்டியிலும் வந்த கனமான ஓக் கதவு. பலகை மேல் பலகை வைத்து அறைந்தது; முன்னும் பின்னும், மேலும் கீழும் ஒரே மாதிரி இருக்கும். பிடி கிடையாது, நட்டநடுவே ஒரு துளை, அதில் ஒரு கயிறு. காலையில் உட்புறமாகத் திறந்து சுவரோடு சாய்த்துவிட்டால் சாயங்காலம் எழுத்தர் பூட்டும்வரை அப்படியே நிற்கும்.

எழுத்தர் காகிதக் கட்டு ஒன்றிலிருந்து அந்த அறிவிப்புத் தாளை உருவிக் கொடுத்தார். நீல்ஸ் பிரான்வோல்டின் நிலம், ஏல நாள், ஸ்ட்ரவுட்டின் கையெழுத்து எல்லாம் ஒழுங்காக இருந்தன. அடியில் உறுதிமொழி: மே முதல் நாள் ஆணி அடித்துத் தொங்கவிட்டு, மாதம் முடியும்வரை எடுக்கவில்லை. அவர் அதைக் கழற்றியதைக் கண்ட இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும் இருந்தது. தாளின் மூலைகளில் நான்கு ஆணித் துளைகள்.

"மழை, வெயில் பட்ட தாள் மாதிரியே இல்லையே," என்றார் லூட், ஆவலாக.

"மேலே கூரை நீட்டிக்கிட்டு இருக்குன்னு சொல்லிடுவார். இது போதாது."

டில்லட்சன் தாளைக் கதவின் வெளிப்பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அந்தப் பக்கத்தில் ஆணித் துளைகள் அதிகமில்லை. சற்று நகர்த்தியதும் நான்கு துளைகள் தாளின் நான்கு மூலைகளோடு கச்சிதமாகப் பொருந்தின.

லூட்டின் முகம் வாடியது. "அடப் பாவி! அப்ப நெசமாவே அடிச்சிருக்கான்."

"ஆமா, அடிச்சிருக்கார். ரொம்ப நல்லது."

"இதுல என்ன நல்லது?"

டில்லட்சன் கதவைச் சுவரிலிருந்து இழுத்து அதன் பின்பக்கத்தை எட்டிப் பார்த்தார். அங்கே சல்லடைக் கண்களைப் போல் எண்ண முடியாத பழைய துளைகள். நடுவில், சலவைக் காரம் போட்டுத் தேய்த்தும் போகாத, ஆள் நீளத்துக்கு ஒரு கறுத்த கறை. திருப்தியுடன் கதவைப் பழையபடி தள்ளினார்.

"உன் இடுப்பு வலி எப்படி இருக்கு லூட்?"

"கேக்காதீங்க. மே மாசம் வெள்ளத்துல செத்தவனுக்காக இந்த எழவெடுத்த கதவைச் சுமந்ததுல போன இடுப்பு. கழட்டினோம், தேய்ச்சோம், மறுபடி மாட்டினோம். ஒருத்தனும் ஒரு வாய் காபி குடுக்கலை."

"ஷெரிப் கைகொடுக்கலையா?"

"அவர் எங்க இருந்தாரு? தெற்குப் பக்கம் வரி வசூலுக்குப் போயிருந்தாரே. ஆமா, இதெல்லாம் இப்ப எதுக்கு?"

"நாளைக்கு ஷெரிப்பே எல்லாருக்கும் காட்டுவார். வா."

மறுநாள் கூடத்தில் நிற்க இடமில்லை. முன் வரிசையில் ஹுல்டா. அவளுக்குப் பின்னால் ஸ்ட்ரவுட்டிடம் நிலத்தைப் பறிகொடுத்த வேறு சிலர். அவர்களில் ஒருவர் வண்டிக்கயிறு ஒன்றைச் சுருட்டித் தோளில் போட்டிருந்தார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

ஷெரிப் ராயல் ஸ்ட்ரவுட் உயரமானவர், சிரித்த முகம். "என்ன டில்லட்சன், சொறி மாடு ஒண்ணும் கிடைக்கலையா? என்னை வைத்தியம் பார்க்க வந்துட்டே?"

சிலர் சிரித்தார்கள். டில்லட்சனும் சிரித்தார். "ஒரு சில கேள்விதான் ஷெரிப். இந்த அறிவிப்பை நீங்களே அடிச்சீங்களா?"

"என் கையால. மே முதல் தேதி."

"நடுவுல கழட்டி மாட்டினீங்களா?"

"மாவட்டத்துத் தாளை எவனாவது தொட்டா கையை ஒடிச்சிருப்பேன். அடிச்ச இடத்துலயே மாசம் பூரா இருந்தது. சத்தியம் பண்ணியிருக்கேனே."

"மாச நடுவுல ஊர்ல இருந்தீங்களா?"

"வரி வசூல் யார் பண்ணுவா, உன் கழுதையா? தெற்குப் பக்கம் சுத்திட்டு மாசக் கடைசியிலதான் வந்தேன். வந்து பார்த்தப்பவும் தாள் அப்படியே இருந்தது."

"எந்த இடத்துல அடிச்சீங்கன்னு காட்ட முடியுமா?"

ஸ்ட்ரவுட் அலட்சியமாகத் தாளை வாங்கிக்கொண்டு கதவருகே போனார். சுவரோடு சாய்ந்திருந்த கதவின் வெளிப்பக்கம் கூடத்தைப் பார்த்து நின்றது. ஒரு கணம்கூடத் தேடவில்லை. தாளை வைத்ததும் நான்கு துளைகளும் பொருந்தின. அவரே நான்கு ஆணிகளைச் செருகிவிட்டு விலகி நின்றார்.

"ஐயா, நீங்களே பாருங்க. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

நீதிபதி ஏவரில் எழுந்து வந்து பார்த்தார். "பொருந்துகிறது, டில்லட்சன்."

"கச்சிதமாப் பொருந்துதுங்க. இந்த ஆணியை ஷெரிப் இங்கதான் அடிச்சார்னு நானும் ஒத்துக்கறேன். எப்பன்னுதான் கேள்வி. ஐயா, கதவோட மறுபக்கத்தையும் பார்த்துடுங்க."

லூட் கதவை இழுத்துத் திருப்பினார். துளைகளும் கறையும் வெளிச்சத்துக்கு வந்தன. கூடத்தில் ஒரு முணுமுணுப்பு.

டில்லட்சன் அவசரமில்லாமல் விளக்கினார். "இந்தக் கதவுல எத்தனை வருஷமா அறிவிப்பு அடிக்கறோம்! அந்தத் துளை எல்லாம் வெளிப்பக்கத்துல இருக்கணும். ஆனா இருக்கறது உள்பக்கத்துல. ஏன்? மே மாச நடுவுல வெள்ளத்துல ஒரு மாட்டுக்காரன் செத்தான். வழக்கம்போல கதவைக் கழட்டி, வெளிப்பக்கம் மேல இருக்கறாப்ல போட்டு, அவனைக் கிடத்தினோம். தண்ணியில செத்தானா, அடிச்சுத் தூக்கிப் போட்டாங்களான்னு பார்க்க உடம்பை அறுத்தேன். ரத்தம் மரத்துல ஊறிடுச்சு. எவ்வளவு தேய்ச்சும் போகலை. வர்றவங்க கண்ணுல அது படவேண்டாம்னு கதவை உள்புறம் வெளியே வர்ற மாதிரி, தலைகீழாக் கவிழ்த்து மாட்டச் சொன்னேன். மாட்டினது லூட்டும் அந்தச் சாவு விசாரணைக்கு வந்த ஆறு பேரும். அந்த ஆறு பேரும் இங்கதான் நிக்கறாங்க."

ஆறு தலைகள் ஆடின. லூட் தன் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "அட கடவுளே! நானே கவிழ்த்தேன், எனக்கே உறைக்கலையே!"

"கதவு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி. பகல் பூரா கறைப் பக்கம் சுவரோட ஒட்டிக்கிட்டு இருக்கு. ஊர்ல இல்லாதவருக்கு எப்படித் தெரியும்?" டில்லட்சன் ஷெரிப்பை நோக்கித் திரும்பினார். "மே முதல் தேதி அடிச்சிருந்தா உங்க துளை இப்ப அந்த ரத்தக் கறை இருக்கற உள்பக்கத்துல இருக்கணும். நீங்க அடிச்சிருக்கற இந்தப் பக்கம் மே முதல் தேதி கதவோட உள்பக்கமா இருந்தது. வசூல்லேர்ந்து வந்த பிறகு, ஏலத்துக்கு முன்னாடி அடிச்சு, மறுநாளே ரெண்டு பேரைக் கூப்பிட்டு அவங்க கண்ணு முன்னாடி கழட்டினீங்க. சாட்சி பொய் சொல்லலை. கழட்டினதைப் பார்த்தாங்க, அடிச்சதைப் பார்க்கலை. வேற பக்கத்துலேர்ந்து இங்க மாத்தினேன்னும் இனி சொல்ல முடியாது. அடிச்ச இடத்துலயே இருந்ததுன்னு இப்பத்தான் சத்தியத்தை நினைவுபடுத்தினீங்க."

ஸ்ட்ரவுட்டின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது, மறந்து போட்டுவிட்டுப் போன பொருளைப் போல. அவர் கை இடுப்புக்கு நகர்ந்தது. அதற்குள் பின்னால் நின்ற லூட் அங்கிருந்த துப்பாக்கியை உருவிவிட்டார்.

"சவரம் பண்றவன் கைங்க," என்றார். "வேகமாத்தான் வேலை செய்யும்."

நீதிபதி அங்கேயே எழுதினார். ஏலம் செல்லாது. பத்திரம் செல்லாது. ஷெரிப் ராயல் ஸ்ட்ரவுட்டைக் கொலைக் குற்றத்துக்காகக் கொரோனர் கைது செய்ய வேண்டும். டில்லட்சன் அதை வாங்கிப் படித்துவிட்டு, ஷெரிப்பின் இடுப்பிலிருந்த விலங்கையே எடுத்து ஷெரிப்பின் கையில் மாட்டினார்.

சிறை தெருவின் எதிர்ப்பக்கம். ஆனால் தெருவில் இறங்கியதும் கூட்டம் வழியை அடைத்துக்கொண்டது. கயிறு வைத்திருந்தவர் அதன் நுனியில் சுருக்குப் போட்டிருந்தார்.

"தள்ளுங்க டாக்டர். உங்க வேலை முடிஞ்சுது."

"ஆஸ்கர், வேண்டாம்ப்பா."

"என் நிலத்தையும் இப்படித்தானே தின்னான்? இன்னும் எந்த ஜட்ஜுக்குக் காத்திருக்கணும்?"

 ஸ்ட்ரவுட்டே டில்லட்சனின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். கூட்டம் நெருங்கியது. அப்போது ஹுல்டா லூட்டின் கையிலிருந்த துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டு நடுவில் வந்து நின்றாள். எல்லோரும் அவளுக்கு வழிவிட்டார்கள். முதல் உரிமை அவளுடையது என்று நினைத்தார்கள். அவள் ஆஸ்கரின் பக்கம் திரும்பிக் குழலை நீட்டினாள்.

"கயிறைக் கீழ போடு."

"ஹுல்டா! உன் புருஷனுக்காகத்தான்..."

"தெரியும். தொங்கவிட்டா அஞ்சு நிமிஷத்துல இவன் கஷ்டம் தீர்ந்துடும். எனக்கு அது பத்தாது." அவள் குழலைத் தாழ்த்தவில்லை. "இவன் நம்மளைத் தாளாலயே கொன்னான். அதே மாதிரி ஒவ்வொரு தாளா இவனுக்கு வரணும். குற்றப்பத்திரிகை, ஜப்தி, எல்லாம். உன் நிலம், இவங்க நிலம், ஒவ்வொண்ணுக்கும் இவன் நின்னு பதில் சொல்லணும். இவன் வீடு கோர்ட்டு வாசல்ல ஏலம் போறதை இவனே பார்க்கணும். நானும் பக்கத்துல நின்னு பார்க்கணும். கடைசியில தூக்கு வந்தா அதுவும் முறையா, முத்திரையோட வரட்டும். அதுவரைக்கும் இவன் மேல கை வைக்கறவனை நான் சுடுவேன்."

 ஆஸ்கர் கயிற்றைக் கீழே போட்டார். கீழே கிடந்த கயிற்றைவிட அவள் சொன்னதுதான் பயங்கரமானது என்பது ஸ்ட்ரவுட்டுக்குப் புரிந்திருக்க வேண்டும். "டில்லட்சன், அந்தப் பொம்பளையைப் போகச் சொல்லு," என்று மெதுவாகக் கெஞ்சினார்.

சிறையில் அடைத்ததும் டில்லட்சன் கைது உத்தரவின் நகலைக் கம்பிக்குள் நீட்டினார். பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட வேண்டும், அதுதான் முறை. ஸ்ட்ரவுட் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஹுல்டா ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக் கம்பிக்கு எதிரே உட்கார்ந்தாள்.  அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெகுநேரம் கழித்து உள்ளிருந்து ஒரு கை நீண்டு பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டது.

டில்லட்சன் மையை ஊதிக் காயவைத்தார்.

"அடுத்த தாள் எப்ப வரும் டாக்டர்?" என்று கேட்டாள் ஹுல்டா.