பதினான்காம் அத்தியாயத்தில் யார்?

ஒரே அடி. பின்மண்டையில்!

ரிடையரான பல் டாக்டர் சாய்வு நாற்காலியில் வாயைப் பிளந்தபடி கிடந்தார். ஆயுசு முழுக்க அடுத்தவர்களை 'ஆ... காட்டுங்க' என்று அதட்டியவர், இப்போது தானே காட்டிக்கொண்டிருந்தார்.

காலடியில் வெண்கலப் பூச்சாடி. திறந்து கிடந்த ஜன்னல்.

ஆம்புலன்ஸ் அவர் உடலை ஏற்றிக்கொண்டு போனதும் பெண் இன்ஸ்பெக்டர் கேட்டாள்.

"என்ன காணோம்?"

"அவரோட டேப்லெட்தாம்மா!" மனைவி மூக்கை உறிஞ்சினாள். "கொலைக் கதை படிக்கறதுக்குன்னே வச்சிருந்தாரு. எந்தத் திருட்டுப் பயலோ..."

"நீங்க படிப்பீங்களா?"

"சேச்சே! ரத்தம்னாலே எனக்கு ஆகாது."

பக்கத்தில் நின்ற மாப்பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

"அத்தை... அதிர்ச்சியில என்னமோ பண்ணுது. இதோ வந்துடறேன்!"

பாத்ரூம் கதவு படீரென்று சாத்திக்கொண்டது.

இன்ஸ்பெக்டர் மேசைமேல் இருந்த கம்ப்யூட்டரை உசுப்பினாள். திரையில் பாதி படித்த ஒரு கொலைக் கதை. அதன் குறுக்கே ஓர் அறிவிப்பு.

'டேப்லெட்டில் பன்னிரண்டாம் அத்தியாயம் வரை படித்துவிட்டீர்கள். அங்கே போகிறோம்...'

"ஐயையோ!" மனைவி பதறினாள். "ராத்திரி சாப்பிடறப்பகூட அஞ்சாவதுல இருக்கேன்னுதானே சொன்னாரு!"

திரை கண் சிமிட்டியது.

'பதின்மூன்றாம் அத்தியாயம்...'

கூட வந்த ஏட்டு இரண்டடி பின்வாங்கினார்.

"மேடம்... டாக்டரோட ஆவி படிக்குதா?"

"ஆவிக்கு எதுக்கு ஏட்டு வைஃபை? ரெண்டுலயும் ஒரே கணக்கு. அங்க பக்கத்தைத் தள்ளினா இங்க தெரிஞ்சிடும். யாரோ இப்பவே படிச்சிட்டிருக்காங்க!"

'பதினான்காம் அத்தியாயம்...'

இன்ஸ்பெக்டர் வைஃபை பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினாள்.



அடுத்த நொடி, பாத்ரூமுக்குள்ளிருந்து ஓர் அலறல்!

"அடச்சே! கழுத்துல கத்தி வைக்கற நேரத்துலயா நின்னு தொலையணும்?"

ஏட்டு கதவை உடைக்கத் தயாரானார். அவசியமே இல்லை. மாப்பிள்ளை தானாகவே வந்தான். சட்டைக்குள் சதுரமாக ஒரு தொப்பை.

"எடுடா வெளியே!"

தொப்பை வெளியே வந்தது. டேப்லெட்!

"மேடம், சத்தியமா நான் கொல்லலை! காலையில மாமா காலடியில கிடந்துச்சு. எடுத்து மேசையில வைக்கத்தான் குனிஞ்சேன். மூணு வரி கண்ணுல பட்டுது... அப்புறம் கீழே வைக்க மனசு வரலை!"

"பொணத்தைப் பக்கத்துல வச்சுக்கிட்டா படிச்சே?"

"கதை அப்படி மேடம்! ஹோட்டல்ல கொலை. சமையல்காரன்தான் பண்ணியிருக்கான். எனக்கு அப்பவே தெரியும்!"

"க்கும்..." மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "சமையல்காரனாம்! லிஃப்ட் ஆபரேட்டர். கடைசிப் பக்கம் வரைக்கும் பரம சாதுவாவே வருவான்."



இன்ஸ்பெக்டர் மெல்லத் திரும்பினாள்.

"ரத்தம்னாலே ஆகாதுன்னீங்க?"

மனைவியின் கை முந்தானையோடு பாதியில் நின்றது. அப்புறம் உடைந்தாள்.

"வேற என்ன பண்றது? நான் இந்தக் கம்ப்யூட்டர்ல படிப்பேன். அந்த மனுஷன் டேப்லெட்ல கடைசிப் பக்கத்தை முதல்ல பாத்துட்டுத்தான் கதையையே ஆரம்பிப்பாரு. நான் வந்து திறந்தா... என்னையும் தரதரன்னு அங்கேயே இழுத்துட்டுப் போயிடும்! ஒரு கதையில... ஒரே ஒரு கதையிலயாவது கொலைகாரனை நானா கண்டுபிடிக்க விட்டாரா?"

"அவர்கிட்ட சொல்லலையா?"

"கெஞ்சினேன்மா! எனக்குத் தனிக் கணக்கு போட்டுக் குடுங்கன்னு. 'புருஷன் பொண்டாட்டிக்குள்ள என்னடி தனிக் கணக்கு?'ன்னு சிரிச்சாரு. நேத்தும் கேட்டேன். நேத்தும் சிரிச்சாரு..."

அவள் பார்வை வெண்கலப் பூச்சாடி கிடந்த இடத்துக்குப் போய் மீண்டது.

"ஜன்னலை நான்தான் திறந்து வச்சேன்."

இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டாள்.

"ஏட்டு! ரெண்டு பேரையும் ஜீப்ல ஏத்துங்க."

"நான் எதுக்கு மேடம்?" மாப்பிள்ளை துள்ளினான்.

"தடயத்தை ஒளிச்சு வச்சதுக்கு."

அவன் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. மாமியாரை முறைத்த முறைப்பில் அனல் பறந்தது.

"அத்தை! லிஃப்ட் ஆபரேட்டர்னு உங்களை யாரு சொல்லச் சொன்னா?"

இன்ஸ்பெக்டர் பாய்ந்து ஏட்டின் தோளைப் பிடித்தாள்.

"ஏட்டு, நீங்க நடுவுல உட்காருங்க. ஸ்டேஷன் போய்ச் சேர்றதுக்குள்ள எனக்கு இன்னொரு கேஸ் வேண்டாம்!"