கோடு விழுந்த முகம்

காலையில் அருணகிரி வழக்கம்போல இரண்டு முறை கண் சிமிட்டி, இமைக்குள் தன் நிகழ்ச்சியைப் போட்டுக்கொண்டு, தொட்டிப் பாசியில் வார்த்த தோசைக்கு வாயைத் திறந்தார். "உப்பு போதுமா?" என்று மனைவி இன்பவல்லி கேட்டதற்கு "ம்" என்றார். அடுத்த விள்ளலை நீட்டியபோது வாய் திறக்கவில்லை. அவர் இறந்துவிட்டது அவளுக்கு உடனே தெரியவில்லை. உயிரோடிருந்தபோதும் அப்படித்தான் அசையாமல் உட்கார்ந்திருப்பார்.

நிலவுக் குடியிருப்பில் எல்லோருக்கும் இமைச்சில்லு உண்டு. அரிசியளவுக் கருவி, கண்ணோரத்தில் பதித்துவிட்டால் பூமியின் நிகழ்ச்சிகளெல்லாம் இமைக்குள் ஓடும். சொந்த மின்கலம் கொண்டது. உரியவர் சிமிட்டினால்தான் ஓடும், நிற்கும். இன்பவல்லிக்கு மட்டும் உடல் ஒப்பாமல் அதைக் கழற்றிவிட்டார்கள்.

மண்ணில்லாத ஊரில் பிணத்தை வீணாக்க மாட்டார்கள். மதியம் உர அறை வண்டி வந்துவிடும். இறந்தவரின் பொருள்களும் அதே வண்டியில் உருக்கு உலைக்குப் போக வேண்டும். அவற்றில் ஒரு பழைய வீடியோ நாடா இருந்தது. பூமியில் அவர்கள் கல்யாணத்தில் எடுத்தது. சில்லு பதிப்பதற்கு முன் அருணகிரி அவளை நேருக்கு நேர் பார்த்துச் சிரித்த முகம் அதில் மட்டுமே மிச்சம். நைந்துபோன நாடா இன்னும் ஒருமுறைதான் தாங்கும். போகுமுன் அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட வேண்டும் என்று இன்பவல்லி படக்குழாய்த் தொலைக்காட்சியைப் போட்டாள். திரை முழுக்கச் சாய்ந்த கோடுகள்; கோடுகளுக்கிடையே ஏதேதோ உருவங்கள்.

பழுது பார்க்கும் பொறி உருண்டு வந்து பெட்டியின் முதுகைத் தடவியது.

"கம்பி சரி, இணைப்பும் சரி. பக்கத்துக் கருவியிலேர்ந்து அலை கசியுதும்மா. ஒவ்வொண்ணா அணைச்சுப் பாருங்க."

"கருவி ஏது? துக்கத்துக்கு வந்தவங்கதான் இருக்காங்க."

"அவங்கதாம்மா."

கொழுந்தன் தண்டபாணி பதறினான். "நான் அப்பவே அணைச்சிட்டேன் அண்ணி! அண்ணன் போயிருக்காரு, இப்பப் போய்ப் பார்ப்பேனா?"

அவனை வெளியே அனுப்பினாள். திரையிலிருந்து கிரிக்கெட் மறைந்தது.

நாத்தனார் சுலோச்சனா பிணத்தின் காலடியில் தேம்பிக்கொண்டிருந்தாள். அவளைக் கைத்தாங்கலாக வாசலில் கொண்டுபோய் விட்டதும் ஒரு தொடர் மறைந்தது. அதில் ஒரு தாய் மகளைப் பிரிந்து ரயிலேறிக்கொண்டிருந்தாள்.

அண்டை வீட்டாரும் போனார்கள். ஒரு காட்சி மட்டும் போகவில்லை. சமையல் போட்டி. எண்ணெய் வழியும் வாய்கள் ஆட்டுக்கறியை மென்று, விரலைச் சப்பிக்கொண்டிருந்தன.

"இன்னும் ஒண்ணு ஓடுது," என்ற பொறி, பிணத்தைக் காட்டியது. "இவரு."

"அணைச்சுத் தொலை."

"அவரே சிமிட்டணும்மா. ஒப்பந்தம் அப்படி."

இமை விளிம்பில் நீல வெளிச்சம் துடித்தது. பெட்டியை வேறிடத்துக்குத் தூக்கவும் வழியில்லை. வீடு ஒரே அறை. வெளியே நடைபாதை முழுக்கக் கசியும் கண்கள். அதற்குள் வண்டியின் மணி கேட்டது.

இன்பவல்லி நாடாவைப் போட்டாள். இளைய அருணகிரி மாலையோடு திரும்பினார். அவர் சிரிக்கத் தொடங்கிய இடத்தில் எவனோ ஒருவனின் மெல்லும் வாய் வந்து உட்கார்ந்துகொண்டது. அவள் குனிந்து, கண்ணையாவது பிடிக்கப் பார்த்தாள். அந்த இடத்தில் ஒரு எலும்புத் துண்டு. பட்டென்று நாடா அறுந்தது.

முட்டிக்கொள்ள வேறு படம் இல்லாததால் போட்டி கண்ணாடிபோலத் தெளிந்தது.

தண்டபாணி தலையை நீட்டினான். "அண்ணி, வண்டி வந்... அடடே, இறுதிச் சுற்று! கட்டணச் சேனலாச்சே இது! சுலோ, ஓடியா, அண்ணன் சந்தா கட்டியிருக்காரு!"

எல்லோரும் அவசரமாகச் சிமிட்டித் தங்கள் சில்லுகளை அணைத்துவிட்டு உள்ளே வந்தார்கள். இடம் பற்றாமல் ஒருவர் பிணத்தின் முழங்காலில் கையூன்றிக்கொண்டார். வண்டிக்காரரும் செருப்பைக் கழற்றிவிட்டு, "முடியட்டும், அப்புறம் எடுத்துக்கலாம்," என்று உட்கார்ந்தார்.

"அண்ணி, கொஞ்சம் நகருங்க. மறைக்குது," என்றாள் சுலோச்சனா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

இன்பவல்லி நகர்ந்தாள். அத்தனை பேரும் ஒரே திசையில், அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அருணகிரி மட்டும் கண்ணை மூடியபடியே கிடந்தார்.