உறங்காத மைக்

அன்று நிலையத்தில் இருந்தவர்கள்: ஒலிப்பதிவு பார்க்கிற ஸெலின். செய்தி வாசிக்கிற ஜோமோன். மதியச் சோறு வரைக்கும் இயக்குநர் ஸக்கரியா சார். பன் பிய்த்துப் போடுகிறான் என்பதற்காக ஜோமோனின் காலடியை விட்டு நகராத ஒரு செவலை நாய்.

வேறு யாரும் இல்லை. ஆனால் கணினி காட்டிய பட்டியலில் ஒருவர் கூடுதலாக இருந்தார்.

முதலில் ஸெலின் கவனித்தது மைக்கைத்தான். அது விழித்திருந்தது.

ஆட்களின் பணத்தோடு ஓடிப்போன ஒரு சீட்டுக் கம்பெனியின் கட்டடத்தில்தான் வானொலி நிலையம் நடந்துவந்தது. கம்பெனி விட்டுப்போனதில் உருப்படியானது பணம் வைத்திருந்த பெட்டக அறை ஒன்றே. கருங்கல் சுவர், ஜன்னல் கிடையாது, இரும்புக் கதவு. கர்க்கடக மாதத்து அடைமழை தகரக் கூரையை இடித்துக்கொண்டிருக்கும்போதுகூட உள்ளே ஒரு துளிச் சத்தம் நுழையாது. ஒலிப்பதிவுக்கு இதைவிட நல்ல அறை இந்த மலையில் இல்லை என்று ஸக்கரியா சார் எல்லோரிடமும் சொல்வார். கதவுக்கு உள்பக்கம் கைப்பிடி இல்லை என்பதைச் சொல்ல மாட்டார். வாசிப்பவர் உள்ளே போனதும் ஸெலின் கதவைச் சாத்திச் சாவியைத் திருப்புவாள், இல்லாவிட்டால் கதவு தன் கனத்திலேயே திறந்துகொள்ளும். வாசித்து முடித்தவர் மைக்கில் "சேச்சி, திறங்க" என்பார். திறப்பாள். சாவி ஒன்றுதான். உள்ளே இருப்பவருக்கு வெளியுலகம் என்பது அந்த மைக்கும் அதன் மறுமுனையில் இருக்கும் அவளுடைய காதும் மட்டுமே.

ஒலிக்கான கணினியும் உள்ளேதான் இருந்தது. அதற்குத் திரையில்லை. பக்கத்து அறையில் உட்கார்ந்து, தன் திரையின் கறுப்புக் கட்டத்தில் கட்டளைகளைத் தட்டி அவள் அதை ஓட்டினாள். அதிலிருந்த ஒலி சர்வர் என்ற மென்பொருளிடம் எந்த மைக், எந்த ஸ்பீக்கர், யார் ஒலிக்கிறார்கள், யார் கேட்கிறார்கள் என்று கேட்டால் ஒழுங்காகப் பட்டியல் போட்டுத் தரும். கேட்க ஆளில்லாத மைக்கைச் சில நொடிகளில் தூங்க வைத்துவிடுவது அதன் குணம்.

அறை காலியாக இருந்தது. பூஞ்சை பிடிக்காமலிருக்கக் கதவைப் பாதி திறந்து வைத்திருந்தார்கள். மைக் தூங்கியிருக்க வேண்டும். பட்டியல் 'ஓடுகிறது' என்றது.

யார் கேட்கிறார்கள் என்று தட்டினாள். ஓர் எண்ணோடு ஒரு வரி வந்தது. சர்வரோடு சேரும் எதுவும் தன் பெயரைச் சொல்லித்தான் சேரும். இந்த வரியில் பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

துண்டித்தாள். மறுபடி கேட்டாள். வரி அடுத்த எண்ணோடு வந்து நின்றது. மைக்கை ஊமையாக்கினாள். சர்வர் கீழ்ப்படிந்தது. மறுபடி பார்த்தபோது மைக் ஊமையாக இல்லை.

"ஜோமோனே, உள்ள எதையாவது தொட்டியா?"

ஜோமோன் நடைக்கூடத்தில் கட்டன் சாயாவோடு நின்றிருந்தான். "என் சட்டையத் தொட்டேன் சேச்சி. காயப் போட்டிருந்தேன்ல."

கர்க்கடகத்தில் நிலையத்தில் துணி காயும் இடம் அது ஒன்றே. மைக்குக்கு ஈரம் ஆகாதென்று உள்ளே எப்போதும் ஒரு குண்டு பல்பு எரியும். அதைச் சுற்றி எல்லோருடைய துணியும் தொங்கும். ஸக்கரியா சாரின் கோவணம் தொங்கும்போது மரண அறிவிப்பு வாசிப்பது எவ்வளவு கஷ்டம் என்று ஜோமோன் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தான்.

"மைக் தானா ஓடுது. போய்ப் பாரு."

"சாயா குடிச்சிட்டுப் போறேன். பேயும் சாயா குடிக்கட்டும்."

மைக்கின் ஒலியைத் தன் ஹெட்ஃபோனுக்குத் திருப்பும் கட்டளையைத் தட்டினாள். வெற்று அறையின் சத்தம் வந்தது. பல்பின் மெல்லிய ரீங்காரம், சணல் விரிப்பில் எதுவோ நகர்வதுபோன்ற ஒரு சரசரப்பு, அதற்கும் அடியில், ஒருவர் தன் மூச்சு கேட்டுவிடக் கூடாதென்று வாயைத் திறந்து மூச்சு விடுவதுபோல் ஏறி இறங்கும் ஒரு காற்று. பிறகு செருப்புச் சத்தம். தும்மல். தூசியில் ஜோமோன் எப்போதும் போடும் அந்த இரட்டைத் தும்மல்.

"ஈசோ," என்றாள், யார் தும்மினாலும் ஏசுவைக் கூப்பிடும் பழக்கத்தில்.

"இங்க ஒரு பல்லிகூட இல்ல சேச்சி," என்றது ஜோமோனின் குரல் காதில். "பல்லிக்கும் நம்ம நிகழ்ச்சி பிடிக்கல போல."

அவள் சிரித்துக்கொண்டே திரும்பினாள்.

ஜோமோன் நடைக்கூடத்தில் நின்றிருந்தான். கையில் சாயா. கடைசி மிடறை ஊதிக் குடித்து, கிளாஸை ஜன்னல் திட்டில் வைத்து, செருப்பைத் தேய்த்துக்கொண்டு பெட்டக அறைக்குள் போனான். நாய் பின்னால் போய்க் கதவு நிலையருகே உட்கார்ந்தது. தும்மல் கேட்டது. இரண்டு.

"இங்க ஒரு பல்லிகூட இல்ல சேச்சி. பல்லிக்கும் நம்ம நிகழ்ச்சி பிடிக்கல போல."

அவள் 'ஈசோ' சொல்லவில்லை.

மைக்கில் நுழைந்த ஒலி காதுக்கு வர ஒரு சின்னத் தாமதம் உண்டு. எவ்வளவு என்று சர்வரைக் கேட்கலாம். கேட்டாள். எண்ணுக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி நின்றது, ஒலி எழும் முன்பே காதுக்கு வருகிறது என்பதுபோல. மறுபடி கேட்டாள். குறி அங்கேயே இருந்தது. எண் பெரிதாகியிருந்தது. அடுத்த முறை இன்னும் பெரிதாக.

ஸக்கரியா சாரைப் போனில் கூப்பிட்டாள். அவர் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தார்.

"மோளே, அது ஈரம். கர்க்கடகத்துல என் முட்டியும்தான் தானா சத்தம் போடுது. சாயங்காலம் அணை ஷட்டர் திறக்கிறாங்க, அந்த அறிவிப்ப ஒழுங்காப் போடு."

"சாரே, உள்ள..."

"உள்ள என்ன? பணமா இருக்கு?" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டார்.

ஹெட்ஃபோனை மறுபடி மாட்டினாள். மாட்டியிருக்க வேண்டாம்.

இரும்புக் கதவு சட்டத்தில் போய் உட்காரும் சத்தம். அதைத் தினமும் வெளியிலிருந்து கேட்டிருக்கிறாள், உள்ளிருந்து கேட்டதில்லை. சாவி ஒரு சுற்று. இன்னொரு சுற்று. ணங் என்று சின்னதாக எதுவோ, என்னவென்று அவளுக்குப் பிடிபடவில்லை. பல்பின் ரீங்காரம் நின்றிருந்தது. இரட்டைத் தும்மல். அதற்குப் பதில் சொல்வதுபோல, மைக்குக்கு மிக அருகில், ஒரு பெண் குரல் மெல்ல "ஈசோ" என்றது.

அது அவளுடைய குரல்.

"சேச்சி?" ஜோமோன். "கதவு மூடிக்கிச்சு. கரண்டும் இல்ல. திறங்க." தட்டும் சத்தம். உள்ளங்கையால், பிறகு முட்டியால், பிறகு எதையோ எடுத்து. நீண்ட நேரம். அந்த அறையில் காற்று அதிகமில்லை. பதினைந்து நிமிடச் செய்தி வாசித்து வருகிறவர்களே தலைவலி என்பார்கள். தட்டுவது தளர்ந்தது. மூச்சு இழுத்தது. பிறகு அவன் குரல் மாறியது. ஆறுதல் கிடைத்தவன் குரல்.

"சேச்சி... நீங்க உள்ளயா இருக்கீங்க?"

ஹெட்ஃபோனைப் பிடுங்கி மேசையில் எறிந்தாள்.

பூட்டுவது அவள்தான். எப்போதும் அவள்தான். ஜோமோனை உள்ளே வைத்துப் பூட்டாவிட்டால் அது நடக்காது. அவ்வளவுதான் விஷயம். அதைப் பிடித்துக்கொண்டாள்.

"ஜோமோனே, இன்னைக்கு ஒலிபரப்பு இல்ல. வீட்டுக்குப் போ."

"ஷட்டர் அறிவிப்பு?"

"நான் இங்கேயே உட்கார்ந்து படிச்சுக்கிறேன்."

"உங்க குரலக் கேட்டா ஜனம் அணைக்குள்ளயே குதிச்சிடும் சேச்சி."

"போடா!"

அவள் கத்தியதில் நாய் எழுந்து நின்றது. ஜோமோன் அவள் முகத்தைப் பார்த்தான். கொக்கியில் தொங்கிய மழைக்கோட்டை எடுத்தான். "அம்மச்சி கப்பைக் கிழங்கு வேக வச்சிருக்கும். நாளைக்குக் கொண்டாறேன்," என்றான். பைக் இறக்கத்தில் இறங்கி, ஏலத்தோட்டத்து வளைவில் திரும்பி, மழைக்குள் கரைந்தது. நாய் கொஞ்ச தூரம் பின்னால் ஓடியது.

அவள் மூச்சு விட்டாள். வெளியே மூடுபனி முற்றத்தில் ஏறிவிட்டிருந்தது. பகல்தான், ஆனால் அடுப்புச் சாம்பலைக் கரைத்து ஊற்றியதுபோல ஒரு பகல். ஈரச் சுவரின் வாடை, வராந்தாவில் நாய் படுத்திருந்த இடத்தின் வாடை, எங்கோ மண் சரிந்தால் வருமே அந்தப் பச்சை வாடை. பெட்டக அறைக் கதவு நடைக்கூடத்தின் முனையில் பாதி திறந்திருந்தது. உள்ளேயிருந்து பல்பின் மஞ்சள் தரையில் விழுந்து கிடந்தது.

இப்போது அந்தச் சத்தம் இருக்கக் கூடாது. அவன் போய்விட்டான்.

நடைக்கூடத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஹெட்ஃபோனை மாட்டினாள்.

தட்டும் சத்தம். "சேச்சி. திறங்க."

அவன் போய்விட்டான். குரல் போகவில்லை.

ஊமையாக்கினாள். ஊமையாகவில்லை. துண்டித்தாள். அடுத்த எண். துண்டித்தாள். அடுத்த எண். சர்வரையே நிறுத்தினாள். அது நின்றது, அது நின்ற பிறகும் காதில் தட்டிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தாள் என்று தெரியாது. காதை இறுக்கி மூடிய அந்த ரப்பர் வளையங்களுக்குள் வேறு எந்த உலகமும் நுழையவில்லை. மழைகூட இல்லை. அவன் அழைத்துக்கொண்டே இருந்தான். அவள் குரல் அவனுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. இதோ, இதோ, பக்கத்துலதான் இருக்கேன்டா.

அப்போது புரிந்தது. இன்றைக்கு அனுப்பியது போதாது. நாளைக்கு வருவான். கப்பையோடு வருவான். உள்ளே போய் வாசிப்பான். நாளை இல்லையென்றால் அடுத்த வாரம். அந்த அறை திறந்திருக்கிற வரைக்கும்.

அப்படியானால் அறை திறக்கவே கூடாது. பூட்டிவிட வேண்டும். காலியாக இருக்கும்போதே. சாவியை மலைச்சரிவுக் கொக்கையில், அந்தப் பள்ளத்தில், எறிந்துவிட வேண்டும். சார் கத்தட்டும்.

மேசை இழுப்பறையிலிருந்து சாவியை எடுத்தாள். ஹெட்ஃபோனைக் கழற்றும்போது கரண்ட் போயிற்று. இன்வெர்ட்டரில் அவளுடைய திரை மட்டும் எரிந்தது. நடைக்கூட முனையில் மஞ்சள் அணைந்தது.

ஓடினாள்.

கதவின் பின்பக்கமாகப் போனாள். உள்ளே பார்க்கவில்லை. பார்த்தால் தன்னையே பார்த்துவிடுவோம் என்று ஒரு பயம். தோளைக் கொடுத்துத் தள்ளினாள். கனம். நகர்ந்தது. இன்னும் கொஞ்சம். இரும்பு சட்டத்தில் போய் உட்கார்ந்தது.

அதே சத்தம்.

சாவி. ஒரு சுற்று.

காலில் ஏதோ ஈரமாக உரசியது. நாய். வளைவுவரை அவன் பின்னால் ஓடிய நாய். கதவு விளிம்பை மோந்து, வாலை ஆட்டியது.

திறந்திருந்த முன்வாசல் வழியாக மழை தெரிந்தது. படியோரம் ஜோமோனின் பைக். வழியை மறித்து வெள்ளம் மூடிய சப்பாத்துத் தரைப்பாலத்தின் செம்மண் நீர் சக்கரங்களிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. படியிலிருந்து ஈரக் காலடிகள். அவளுடைய நாற்காலிக்குப் பின்னால் வந்து, சற்று நின்று, நடைக்கூடம் முழுக்க நடந்து, கதவுக்கடியில் நுழைந்திருந்தன. நனைந்து திரும்பி, உள்ளே காயும் சட்டையை மாற்றப் போகிறவனின் அவசரக் காலடிகள்.

திரும்பிய தடம் ஒன்றுகூட இல்லை.

கையை நிற்கச் சொன்னாள். கை கேட்கவில்லை. இன்னொரு சுற்று, அளவுக்கு மேல்.

ணங்.

சாவியின் தலை மட்டும் அவள் உள்ளங்கையில் இருந்தது. கதவு பூட்டியிருந்தது.