நடுக்காயலில் நின்ற இருவர்

வல்லார்பாடம் தீவின் கரையில் நின்றுகொண்டு, தாங்கள் நடுக்காயலில் நிற்பதாகக் கண்டுபிடித்தார்கள் பேச்சியும் விசாலாக்ஷியும்!

1978ஆம் ஆண்டு அது. மட்டாஞ்சேரிப் பள்ளியின் சாரணியர் குழு படகில் வந்திருந்தது. இருவர் இருவராகச் சேர்ந்து, தாங்கள் நிற்கும் இடத்தை வரைபடத்தில் குறிக்க வேண்டும். முதலில் சரியாகக் குறிப்பவர்களுக்கு மூணாறு முகாமில் இடம். பேச்சி இதுவரை மலையையே பார்த்ததில்லை. எப்படியாவது போய்விட வேண்டும் என்று அவளுக்குக் கொள்ளை ஆசை.

சர்ச் கோபுரம் இருக்கும் திசையைத் திசைகாட்டியில் பார்த்து ஒரு கோடு. துறைமுகத்துக் கிரேனைப் பார்த்து இன்னொரு கோடு. இரண்டும் வெட்டும் இடம்தான் நாம் நிற்கும் இடம். மூன்று முறை வரைந்தாயிற்று. மூன்று முறையும் தண்ணீருக்குள்!

"நம்ம கால் நனையவே இல்லையே!" என்றாள் பேச்சி.

விசாலாக்ஷிக்குச் சிரிப்பு வரவில்லை. "நான் வரைஞ்சதுதான் தப்பு. நேக்கு இதெல்லாம் வராதுடீ."

திசைகாட்டியை வைத்துப் பார்க்கப் பேச்சியின் சோற்றுப்பைதான் மேஜை. விசாலாக்ஷி திசைகாட்டியைக் கையில் எடுத்ததும், பசித்ததால் பேச்சி பையை உருவினாள். விசாலாக்ஷியின் கையிலிருந்த திசைகாட்டியின் முள் சடாரென்று திரும்பியது.

பேச்சிக்குத் திக்கென்றது. பைக்குள் வறுத்த மத்தி இருந்தது. மீன் வாசனைக்குப் பேய் பின்னாலேயே வருமாம். இரும்பு இருந்தால் கிட்டே வராதாம். அதனால் அம்மா ஒரு பெரிய ஆணியையும் போட்டிருந்தாள். சொன்னால் மானம் போய்விடுமே! சத்தமில்லாமல் பையைத் தள்ளி வைத்தால் யாருக்குத் தெரியப்போகிறது?

அதற்குள் விசாலாக்ஷி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "டீச்சர்கிட்ட சொல்லிடறேன். நீ வேற யாரோடயாவது சேர்ந்துக்கோ."

அதைக் கேட்டதும் பேச்சிக்குப் பொறுக்கவில்லை. ஆணியை எடுத்து நீட்டினாள். "நீ தப்பே பண்ணலடி. எல்லாம் இதோட வேலை. பேய் வராம இருக்க எங்கம்மா போட்டது."

விசாலாக்ஷி ஆணியைப் பார்த்தாள். "இவ்ளோதானா? எங்காத்துல தம்பி தொட்டிலுக்கு அடியில அரிவாள்மணையே இருக்குடீ!"

இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். ஆணியையும் பையையும் தூரத்துத் தென்னையடியில் வைத்துவிட்டு மறுபடி வரைந்தார்கள். கோடுகள் கச்சிதமாகக் கரையிலேயே வெட்டிக்கொண்டன.

"கொள்ளாம், நல்லா வரைஞ்சிருக்கீங்க மக்களே! முகாமுக்கு நீங்க ரெண்டு பேரும்தான்," என்றார் வரைபடத்தைப் பார்த்த ரோஸி டீச்சர்.

துள்ளிக்கொண்டு தென்னையடிக்கு ஓடினால், அங்கே இரண்டு காக்கைகள் மத்தியை முடித்திருந்தன. ஆணி மட்டும் பத்திரமாக இருந்தது.

"பேய் வரலைதான்," என்றாள் பேச்சி பரிதாபமாக.

விசாலாக்ஷி தன் தயிர்சாதத்தைச் சரிபாதியாகப் பிரித்தாள். "முகாமுக்கும் ஆணி வருமாடீ?"

"அம்மா போடாம விடமாட்டா," என்றாள் பேச்சி, வாய் நிறையச் சோற்றுடன். "காம்பஸ நீ தூக்கிக்கிட்டுத் தள்ளி நட!"