பாதிப் பாட்டு

திருப்பூர் ராயபுரத்தில் மதுமதியின் வீட்டு மாடியில் அனுப்ரியா அக்கா குடியிருந்தார். பகலில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை. மாலையில் கிட்டாரும் கையுமாக இருப்பார். பாட்டு எழுதுவது, மெட்டுப் போடுவது, பாடுவது, இணையத்தில் ஏற்றுவது எல்லாம் அவரேதான்.

"எந்தப் படத்துல பாடியிருக்கீங்க?" என்று தெருவில் யாராவது கேட்பார்கள்.

"படத்துல பாடறதில்லீங்க. நானே எழுதி நானே பாடறேன்."

"அப்படீங்களா? சரி, எப்பப் படத்துல பாடுவீங்க?"

அக்கா சிரித்துக்கொண்டே மாடியேறிவிடுவார்.

அவருடைய முதல் கச்சேரிக்குப் பதினோரு பேர்தான் வந்தார்கள். அதில் இரண்டு பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். "ஆனா மது, மழை நின்ன பின்னாலயும் அவங்க ரெண்டு பேரும் எந்திரிச்சுப் போகலை" என்று அக்கா பெருமையாகச் சொல்வார்.

புதிதாக ஒரு பாட்டு பிறந்தால் முதலில் கேட்பது மதுமதிதான். ஆறாம் வகுப்புப் படிக்கும் பெண்ணிடம் என்ன கேட்பது என்று அக்கா நினைத்ததில்லை. "எங்க கொட்டாவி வந்துச்சுன்னு சொல்லு, அந்த வரியை எடுத்துடறேன்" என்பார்.

ஒரு சனிக்கிழமை மாலை அக்கா மதுவை மேலே கூப்பிட்டார்.

"இது பாதிதான் மது. முதல் ஆல்பத்துக்கு இதுதான் முதல் பாட்டு. கேளு."

*பொட்டப் புள்ளைக்குப் பாட்டெதுக்குன்னு கேட்டாளே எங்கம்மா*
*பூட்டி வெச்ச பொட்டிக்குள்ள என் குரலைப் போட்டாளே எங்கம்மா*

"உங்க அம்மாவாங்க்கா?"

"ஆமா. உடுமலை பக்கம் கொமரலிங்கத்துல இருக்காங்க. நான் பாடறது அவங்களுக்குப் பிடிக்காது. பெரிய சண்டை போட்டுட்டுத்தான் இங்க வந்தேன். இந்தப் பாதி, சண்டை. அடுத்த பாதிலதான் நான் சொல்ல வேண்டியது இருக்குது. முழுசா எழுதிட்டு, நேர்ல போய் அம்மாகிட்டப் பாடிக் காட்டணும்."

அக்கா மறுபடி பாடத் தொடங்கினார். மதுவின் பாவாடை மடிப்பில் அம்மாவின் போன் இருந்தது. அவள் மெல்ல அதில் பதிவு செய்தாள்.

அவளுக்கு ஒரு காரணம் இருந்தது. பள்ளித் தோழி ஜோதிகா முந்தின நாள்தான் சொல்லியிருந்தாள்: "உங்க மாடி அக்கா பாட்டுக்காரியா? டிவியில பார்த்ததே இல்லையே. சும்மா அளக்காத."

அன்று இரவே மது அந்தப் பாட்டை ஜோதிகாவுக்கு அனுப்பினாள். "உனக்கு மட்டும்" என்று எழுதினாள்.

ஜோதிகா அதைத் தன் அண்ணனுக்கு மட்டும் அனுப்பினாள். அண்ணன் தன் நண்பர்களுக்கு மட்டும் அனுப்பினான். அவர்கள் அவரவர் நண்பர்களுக்கு மட்டும் அனுப்பினார்கள். இப்படி 'மட்டும், மட்டும்' என்றே அந்தப் பாட்டு ஒரு வாரத்தில் ஊரைச் சுற்றி வந்துவிட்டது.

யாரோ அதற்குத் தப்பட்டைச் சத்தம் சேர்த்தார்கள். வேறு யாரோ, ஒரு அம்மா விளக்குமாற்றோடு மகளைத் துரத்துகிற படத்தை ஒட்டினார்கள். பள்ளிப் பேருந்தில் அதைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். மது மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தபோது அக்கா மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். கிட்டார் பைக்குள் இருந்தது. பக்கத்தில் மதுவின் அம்மா சித்ராதேவி நின்றுகொண்டிருந்தார்.

"எங்கம்மாவுக்கும் அதை அனுப்பிட்டாங்களாம்" என்றார் அக்கா. "'என்னைய வெச்சுப் பாட்டுக் கட்டி ஊரைச் சிரிக்க வெச்சுட்டயே கண்ணு'ன்னு கேட்டாங்க. அதுக்கப்புறம் போனை எடுக்கவே மாட்டேங்கறாங்க."

"யாரு வெளிய விட்டிருப்பாங்க?" என்று அம்மா கேட்டார்.

"எனக்குப் பாட்டுப் பதிவு பண்ணித் தர்ற வேலுதான். இசை சேர்க்கறதுக்காக அவனுக்கு மட்டும் அனுப்பியிருந்தேன். அவனையும் மதுவையும் தவிர யாரும் கேட்கலை. மது குழந்தை, அவளுக்கு என்ன தெரியும்? வேலு இப்படிப் பண்ணுவான்னு நான் நெனைக்கவே இல்லை."

அந்த நேரத்தில் மது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. புத்தகப் பையை மாட்டியபடியே உள்ளே போய்க் கதவுக்குப் பின்னால் நின்றாள்.

அடுத்த நாளும் சொல்லவில்லை. அதற்கடுத்த நாளும் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் சொல்வது இன்னும் கடினமாகிக்கொண்டே போனது. மாடியில் கிட்டார் சத்தமே கேட்கவில்லை.

நான்காம் நாள் வேலுகுமார் வந்தார். அவர் அக்காவின் நண்பர். அவருடைய அப்பாவின் குடோனில், சட்டை வெட்டியபின் மிஞ்சும் துணித் துண்டுகளை மூட்டை மூட்டையாக அடுக்கி, வெளிச்சத்தம் நுழையாதபடி ஓர் அறை செய்திருந்தார். அக்கா இதுவரை வெளியிட்டிருந்த மூன்று பாட்டுகளையும் பதிவு செய்தது அங்கேதான்.

"அனு, நான் யாருக்கும் அனுப்பலை. கதவைத் திற" என்று மேலே நின்று சொன்னார். கதவு திறக்கவில்லை.

வேலுகுமார் படியிறங்கி வந்தார். வாசலில் நின்ற மதுவைப் பார்த்தார். "உங்க அக்கா சாப்பிடறாங்களா பாப்பா?" என்று கேட்டார்.

"சாப்பிடறாங்க" என்றாள் மது. அவளுக்குத் தெரியாது. ஆனாலும் அப்படிச் சொன்னாள்.

"சரி. பார்த்துக்க" என்று சொல்லிவிட்டு அவர் வண்டியை உருட்டிக்கொண்டே தெருமுனை வரை போனார். ஓட்டிப் போகவே தோன்றாதவர்போல இருந்தது.

மது அதற்குமேல் நிற்கவில்லை. மாடிக்கு ஓடிக் கதவைத் தட்டினாள்.

"நான் மதுங்க்கா. வேலு அண்ணன் அனுப்பலீங்க. நான்தான் அனுப்பினேன். போன்ல பதிவு பண்ணி ஜோதிகாவுக்கு அனுப்பினேன்."

கதவு திறந்தது. அக்கா திட்டுவார் என்று மது காத்திருந்தாள். அக்கா திட்டவில்லை.

"எதுக்கு மது?"

"நீங்க பாட்டுக்காரின்னு அவ நம்பலீங்க்கா."

"என்கிட்டக் கேட்டிருந்தா வேற பாட்டுக் குடுத்திருப்பேனே."

மது கதவு நிலையை நகத்தால் சுரண்டினாள். "நீ கீழ போ" என்றார் அக்கா. கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது. உள்ளே அக்கா போனில் பேசுவது கேட்டது. "வேலு... நான் தப்பாப் பேசிட்டேன்..."

மது அழுதுகொண்டே கீழே வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அக்காவோட அம்மா நம்பர் உங்ககிட்ட இருக்குதாங்கம்மா?" என்று கேட்டாள்.

வீடு வாடகைக்கு விட்டபோது எழுதி வாங்கிய எண் இருந்தது. அம்மா அதைத் தேடி எடுத்துப் போனை மதுவின் கையில் கொடுத்தார். "நீயே பேசு."

மகளின் எண் இல்லை என்பதால் அந்தப் பக்கம் உடனே எடுத்துவிட்டார்கள்.

"ஜானகியம்மாள் பேசறேன். யாருங்க?"

"பெரியம்மாங்க, நான் மதுமதி. அனு அக்கா குடியிருக்கற ஊட்டுப் புள்ளை. அந்தப் பாட்டை நான்தான் கேட்காம வெளிய அனுப்பிட்டேன். அக்கா மேல தப்பில்லீங்க. அது பாதிப் பாட்டுங்க."

அந்தப் பக்கம் எங்கோ ஒரு மாடு கத்தியது.

"மீதிப் பாதில என்ன இருக்குது?"

"தெரியாதுங்க. அக்கா இன்னும் எழுதலீங்க. உங்ககிட்டச் சொல்ல வேண்டியது அதுலதான் இருக்குதுன்னு சொன்னாங்க."

"அப்படியா சொன்னா?"

"ஆமாங்க."

"எழுதி முடிச்சா என்னையக் கூப்பிடச் சொல்லு, சாமி."

மது அதை ஒரு தாளில் எழுதி மாடிக் கதவின் அடியில் தள்ளிவிட்டாள். பதில் வரவில்லை. ஆனால் இரண்டு நாள் கழித்துக் கிட்டார் கேட்டது. ஒரே வரி, திரும்பத் திரும்ப. மது படியேறவில்லை. கீழேயே உட்கார்ந்து, காதில் விழுந்ததை மட்டும் கேட்டாள்.

மூன்று வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜானகியம்மாள் வந்தார். வந்ததும், "போன்ல பேசின புள்ளை எங்க?" என்று கேட்டு, மதுவின் கையைப் பிடித்துக்கொண்டார். அப்படித்தான் மதுவும் வேலுகுமாரின் குடோனுக்குப் போனாள்.

துணி மூட்டைகளுக்கு நடுவில் நாற்காலி போட்டு ஜானகியம்மாளை உட்கார வைத்தார்கள். அக்கா பாடினார். முதல் பாதி வந்தபோது ஜானகியம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, யாரும் கேட்டிராத பாதி வந்தது.

*பாட்டெங்க படிச்சேன்னு ஊருசனம் கேட்டுச்சு*
*நாத்து நட்டுக்கிட்டே எங்கம்மா பாடினது*
*காதுக்குள்ள கேட்டுச்சு*

பாட்டு முடிந்தது. ஜானகியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"முதல் பாதியும் நெசந்தான் கண்ணு. நான் அப்படித்தான் பேசினேன்" என்றார். "இன்னொருக்காப் பாடு."

வெளியே வந்தபோது மது அக்காவின் பக்கத்தில் போய் நின்றாள்.

"மன்னிச்சுக்கங்க்கா."

"ம்" என்றார் அக்கா. செருப்பை மாட்டிக்கொண்டே, "அம்மா முதல் தடவை கேட்கறப்பவே முழுசாக் கேட்கணும்னு ஆசைப்பட்டேன் மது. அதை இனி யாராலும் திருப்பித் தர முடியாது, இல்லையா?" என்றார்.

அக்காவின் குரலில் கோபம் இல்லை. அதனால்தான் மதுவுக்கு இன்னும் வலித்தது. அக்கா அவள் தோளில் கை வைத்து அழுத்திவிட்டு முன்னால் நடந்தார்.

மாலையில் ஜானகியம்மாளை உடுமலை பஸ்ஸில் ஏற்றிவிடப் பேருந்து நிலையத்துக்குப் போனார்கள். அங்கே, கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிய ஓர் இளம்பெண் பெஞ்சில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தாள். தப்பட்டைச் சத்தம். விளக்குமாறு. பொட்டப் புள்ளைக்குப் பாட்டெதுக்கு...

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். மதுவுக்கு அந்த இடத்தைவிட்டே ஓடிவிடலாம் போலிருந்தது.

ஜானகியம்மாள் நேராக அந்தப் பெண்ணிடம் போனார்.

"கண்ணு, இது பாதிதான். மீதி இன்னும் வரலை. வந்ததும் மறக்காம அதையும் கேளு."

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். "உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

ஜானகியம்மாள் சேலையைச் சரிசெய்துகொண்டார்.

"அதுல வர்ற அம்மா நான்தான்" என்றார்.