கோபம் தெரியாத கீபோர்டு

வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டே முக்காலுக்கு நான் அந்த வீட்டின் கதவைத் தட்டினேன். ஆண்கள் எல்லாரும் ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருந்தார்கள். தெருவில் வெயிலைத் தவிர வேறு நடமாட்டம் இல்லை. அன்றைய வெயிலைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். வரிச்சிக்குடியில் ஒரு கோழி தார்ரோட்டைக் கடப்பதற்குள் பாதி வறுபட்டுப் போனதாகக் கேள்வி. நான் நம்புகிறேன்.

தோளில் கருவிப்பை. உள்ளே சால்டரிங் அயன், புது பேட்டரி, ஒரு பழைய கேசட் ரெக்கார்டர், இரண்டு வெற்றுக் கேசட்டுகள்.

ஆஸியா பீவி கதவைத் திறந்தார். இரண்டு மாதத்துக்கு முன் இறந்துபோன கீபோர்டுக்காரன் தமீம் அன்சாரியின் அக்கா.

"வாங்க கரண்ட் ஆபீஸ் அண்ணே."

ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகியும் ஊருக்கு நான் கரண்ட் ஆபீஸ்தான். தெட்சிணாமூர்த்தி என்ற பெயர் பென்ஷன் புத்தகத்தோடு சரி. முப்பத்து நாலு வருடம் கம்பம் ஏறினேன். மின்சாரம் என்னை நானூறு தடவை அடித்திருக்கிறது. ஒரு தடவைகூட நான் பயந்ததில்லை. அந்த வெள்ளிக்கிழமை வரைக்கும்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். நான் ஒரு சிந்தசைசர் பைத்தியம். நாற்பது வருடப் பழசோ போன மாதப் புதுசோ, கீபோர்டு என்று ஒன்று இருந்தால் அதைப் பிரித்துப் பார்க்காமல் எனக்குச் சோறு இறங்காது. வீட்டில் பதினேழு கிடக்கின்றன. என் மனைவி சௌந்தரவல்லி அடுப்படியில் படுக்கிறாள் என்று ஊரில் பேச்சு. பொய். கூடத்தில்தான் படுக்கிறாள்.

உள்ளே நீளமான நடை. வெயிலிலிருந்து வந்த கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. உப்புப் பூத்த சுவரின் ஈரவாடை. கடைசி அறைக்குள் நுழைந்ததும் வேறொரு வாசனை.

கிராம்பு.

தமீம் வாயில் எப்போதும் ஒரு கிராம்பு இருக்கும். மேடையில் அவனுக்குப் பக்கத்தில் நின்றவர்கள் எல்லாருக்கும் அந்த வாசனை தெரியும். இரண்டு மாதமாகப் பூட்டிக் கிடந்த அறையில் அது எப்படி நிற்கும் என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. என் கண் முழுக்கக் கீபோர்டின் மேல்.

பச்சைத் துணியை எடுத்தேன். அடடா! அவன் மாமு எண்பத்து மூன்றில் பாரீஸிலிருந்து கொண்டுவந்த ஜப்பான்காரன் படைப்பு. பக்கவாட்டில் மரம், முன்னால் வரிசையாக நகர்த்துக் குமிழ்கள், மூலையில் சிவப்பு எண் காட்டும் சின்னச் சன்னல். அறுபத்து நாலு டோன்களைத் தமீம் முப்பது வருடம் உட்கார்ந்து செதுக்கி உள்ளே வைத்திருந்தான். எந்த டோனுக்கும் பெயர் கிடையாது. எண் மட்டும்தான்.

அறையின் உள்வாசலில் கனத்த திரை தொங்கியது. அதற்கு அப்பால் தமீமின் மனைவி ஷஃபீனா. புருஷன் இறந்து நாலு மாதம் பத்து நாள் இத்தா இருக்கும் பெண். அன்னிய ஆண் முகம் பார்க்கக் கூடாது. குரல் மட்டும் வந்தது.

"அண்ணே, பேட்டரி போவப் போவுதுன்னு அவங்க மவுத்தாவுறதுக்கு முந்தின வாரமே சொன்னாங்க. பேட்டரி செத்தா டோன் எல்லாம் அழிஞ்சிடுமாமே?"

"ஆமாம்மா. மொதல்ல கேசட்டுல எடுத்துக்கணும். பேட்டரிய மாத்தணும். பொறவு கேசட்டுலேர்ந்து திரும்ப உள்ள ஏத்தணும்."

"ஏத்திக் குடுங்க. இத்தா முடிஞ்சதும் அவங்க பேருல நான் வெளியிடப் போறேன்." குரல் கத்தி மாதிரி மாறியது. "நாப்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதுறதுக்குள்ள அந்தக் கதிரவன் நாப்பத்தேழாம் டோன கச்சேரி ரெக்கார்டிங்குலேர்ந்து எடுத்து அவன் பேருல இன்டர்நெட்டுல விக்க ஆரம்பிச்சிட்டான். ஜெர்மனிக்காரன்லாம் வாங்குறானாம்."

நாற்பத்தேழை டெல்டாவில் கேட்காத கல்யாண மண்டபம் இல்லை. தூரத்துக் கடலில் கப்பல் ஊதுவதுபோலத் தொடங்கி, ஒரு பெண் வாய் திறக்காமல் முனகுவதுபோல அடங்கும். மணப்பெண் மேடை ஏறும்போது அதை வாசித்தால் கல்நெஞ்சுக்காரச் சம்பந்தியும் கண்ணைத் துடைப்பார். ஆர்க்கெஸ்ட்ரா கதிரவனுடையது, வாசிப்பது தமீம். "இது நான் கண்டுபிடிச்ச டோன்" என்று முப்பது வருடம் மைக்கில் சொன்னவனும் கதிரவன்தான்.

"தம்பி பக்கத்துல சிரிச்சிக்கிட்டே நிப்பான் அண்ணே" என்றார் ஆஸியா பீவி. "அவனுக்குக் கோவமே வராது."

"வரும் லாத்தா" என்றது திரை. "கச்சேரி முடிஞ்சு வந்து இதுலதான் அடிப்பாங்க. ஓங்கி ஓங்கி அடிப்பாங்க. வெளியில ஒரே அளவாத்தான் கேக்கும்."

உண்மைதான். அந்தக் காலத்துக் கீபோர்டுகளின் குணம் அது. மயிலிறகால் தடவினாலும் சம்மட்டியால் அடித்தாலும் ஒரே சத்தம். விரலின் கோபம் அவற்றுக்குத் தெரியாது. புதுக் கீபோர்டுகள் அப்படியில்லை. அடியின் வேகத்தை அளந்து ஒன்றிலிருந்து நூற்றிருபத்தேழு வரை எண்ணாகக் காட்டி, அதற்குத் தக்கபடி முழங்கும். நூற்றிருபத்தேழுக்கு மேல் எண் கிடையாது.

ஆஸியா பீவி டீ போடப் போனார். இனி என் வண்டவாளத்தைச் சொல்கிறேன்.

முந்தின நாள் கதிரவன் என் வீட்டுக்கு ஒரு புத்தம்புது சிந்தசைசரைக் கொண்டுவந்து இறக்கியிருந்தான். விலைக்கல்ல. சும்மா. ஜெர்மனிக்காரர்கள் இவனிடம், எந்தக் குமிழை எங்கே வைத்து இந்த டோனைச் செய்தாய், கருவியைக் காட்டு என்று கேட்கிறார்களாம். திருடனுக்குத் தெரியுமா தறியில் எத்தனை இழை என்று? "அண்ணே, அறுபத்து நாலையும் கேசட்டுல எடுத்து எனக்குக் குடுத்துடுங்க. பேட்டரியப் புடுங்கிட்டு, எல்லாம் அழிஞ்சி போச்சும்மான்னு சொல்லிடுங்க. யாருக்குத் தெரியப் போவுது?"

நான் சரி என்றேன். ஆமாம், சொன்னேன். இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல வருகிறது. வயசுக்கு ஏற்ற புத்தி இல்லாத கிழட்டு நாய்.

கீபோர்டின் மேல்மூடியைத் தூக்கினேன். கட்டைகளுக்கு அடியில், சத்தம் கேட்காமலிருக்க ஒரு சிவப்புக் கம்பளிப் பட்டை ஒட்டியிருப்பார்கள். விரல் கனம் இருக்கும். இதில் அது சிகரெட் தாள்போல நசுங்கியிருந்தது. அதற்குக் கீழே இருந்த தகரத்தில் ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு குழி.

தகரத்தில் குழி! விரலால்!

வேலையைத் தொடங்கினேன். டோன்கள் கேசட்டில் ஏறும்போது ஊளையும் கீச்சலுமாக ஒரு சத்தம் வரும். இரண்டு கேசட்டிலும் எடுத்தேன். ஒன்று மக்கர் செய்தால் இன்னொன்று. ஒன்றைச் சட்டைப்பையில் போட்டேன். மற்றதைக் கருவிப்பையின் அடியில் செருகினேன்.

கீபோர்டின் பிளக்கைப் பிடுங்கினேன். அயன் சூடேறியது. பேட்டரியை நோக்கிக் குனிந்தேன்.

ஒரு கட்டை கீழே இறங்கியது.

மெதுவாக. யாரோ விரல் வைத்ததுபோல.

சத்தம் இல்லை. பிளக் தரையில் கிடந்தது. பழைய ஸ்பிரிங், தளர்ந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கட்டை மேலே வந்தது. அடுத்த கட்டை இறங்கியது.

கிராம்பு வாசனை என் காதுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

அந்த நேரம் பார்த்து மின்விசிறி ஓய்ந்தது. ஸ்பீக்கர் பெட்டியின் விளக்கு அணைந்தது. ஊருக்கே கரண்ட் போய்விட்டது.

மூலையில் இருந்த சின்னச் சன்னல் மட்டும் எரிந்தது.

47.

நான் கம்பம் ஏறியவன். மின்சாரம் எங்கிருந்து வரும், எங்கிருந்து வராது என்று எனக்குத் தெரியும். அந்த அறையில் ஒரு சொட்டு மின்சாரம் இல்லை.

கப்பல் ஊதியது.

முதலில் மிக மெல்ல. அந்தக் கருவியால் முடியாத மெல்லிசாக. பிறகு கொஞ்சம் ஓங்கி. பிறகு இன்னும் ஓங்கி.

கோபம் தெரியாத கீபோர்டுக்குக் கோபம் தெரிந்துவிட்டது.

திரைக்கு அப்பாலிருந்து ஒரு கிசுகிசுப்பு. "அண்ணே... நீங்களா வாசிக்கிறீங்க?"

"இல்... இல்லம்மா."

பிறகு அழுகை கலக்காத, காய்ந்த குரல்.

"அடிங்க மச்சான். இன்னும் ஓங்கி அடிங்க."

அடி விழுந்தது. கட்டைகள் பத்து, இருபது என்று ஒன்றாக இறங்கின. சுவர்க்காரை பொலபொலவென்று என் தலையில் கொட்டியது. விழிதியூர் வயலில் நின்ற கொக்குகள் அத்தனையும் எழும்பின என்று பிறகு கேள்விப்பட்டேன். அம்பகரத்தூர்க் கோயில் மணி தானாக அசைந்தது என்று நானே சொல்லிக்கொண்டு திரிகிறேன். அதெல்லாம் இருக்கட்டும். ஒன்று மட்டும் சத்தியம். ஒவ்வொரு அடியும் என் நெஞ்சில் விழுந்தது. சரியாகச் சட்டைப்பையில் கேசட் இருந்த இடத்தில். முப்பது வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தவன் ஒருவன், அந்தச் சிரிப்பை எல்லாம் கணக்குத் தீர்ப்பதுபோல அடித்தான்.

நான் மண்டியிட்டேன். கேசட்டை எடுத்துத் திரைக்கு அடியில் தள்ளினேன்.

"கதிரவன் கேட்டாம்மா. நான்தான் தலையாட்டினேன். மன்னிச்சிடும்மா. மன்னிச்சிடு தமீமு!"

அடி நின்றது. பெண் முனகுவதுபோல அந்த டோன் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

திரைக்குக் கீழே ஒரு கை வந்து கேசட்டை எடுத்துக்கொண்டது.

"என்ன குடுத்தான் உங்களுக்கு?"

"ஒரு கீபோர்டும்மா. புதுசு."

"அதுல ஓங்கி அடிச்சா ஓங்கிக் கேக்குமா?"

"கேக்கும்மா."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு முன்னால் கொட்டிய காரையெல்லாம் பூமாரி.

"அப்ப சரி" என்றாள்.

கரண்ட் வந்தது. பேட்டரியை மாற்றினேன். கேசட்டைத் திரும்ப வாங்கி அறுபத்து நாலையும் உள்ளே ஏற்றி, அவளிடமே கொடுத்தேன். டீ ஆறிப்போயிருந்தது. ஆஸியா பீவி என் தலையைப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, வெள்ளையடிக்கவா வந்தீங்க?" என்றார். அவருக்கு ஒன்றும் கேட்கவில்லையாம். அடுப்படி தள்ளித்தான் இருந்தது. ஆனால் அவ்வளவு தள்ளி இல்லை.

நாலு மணிக்குக் கதிரவன் என் வீட்டில் நின்றான்.

"எங்கண்ணே கேசட்டு?"

"இல்ல."

"இல்லன்னா?"

"சேர வேண்டிய எடத்துல சேர்ந்துடுச்சி. கெளம்பு."

"வயசான காலத்துல ஞாயம் பேசுறீங்களோ? நேத்து இந்தக் கீபோர்டப் பாத்து நாக்கத் தொங்கப் போட்டப்ப எங்கண்ணே போச்சி ஞாயம்?"

சுருக்கென்று தைத்தது. தைத்ததால் கோபம் இரண்டு மடங்கானது. "ஆமாண்டா, தொங்கத்தான் போட்டேன். நான் ஒரு நாள் நாய். நீ முப்பது வருசமா நாய். செத்தவன் சட்டையப் போட்டுக்கிட்டு மாப்ள ஊர்கோலம் போறவன் நீ. தூக்குடா ஒன் பொட்டிய!"

"தூக்கத்தான் போறேன். எதையாவது கழட்டி வச்சிருப்பீங்க, பாத்துட்டுத்தான் தூக்குவேன்" என்று கீபோர்டின் சுவிட்சைப் போட்டான். பூனை மீசையைத் தொடுவதுபோல ஒரே ஒரு கட்டையைத் தொட்டான்.

வீடே அதிர்ந்தது. கீபோர்டின் சின்னத் திரையில் எண்: 127.

"வால்யூம் கூட இருக்கு" என்று முழுக்கக் குறைத்தான். இன்னும் மெல்லத் தொட்டான்.

127.

அதிர்ந்தது கப்பலின் ஊதல். அந்தக் கீபோர்டில் இருக்கவே இருக்காத டோன். கதிரவன் விரலை இழுத்தான். விரல் வரவில்லை. கட்டையோடு ஒட்டிக்கொண்டதுபோல மறுபடி மறுபடி இறங்கியது. அறை முழுக்கக் கிராம்பு.

அடுப்படியிலிருந்து சௌந்தரவல்லி எட்டிப் பார்த்தாள். "என்னங்க, கதிரவன் தம்பிக்குக் காப்பி போடவா, நூத்தியெட்டுக்குப் போன் போடவா?"

விரல் விடுபட்டதும் அவன் ஓடிய ஓட்டத்தில் ஒரு செருப்பு இன்னும் என் வீட்டில்தான் இருக்கிறது. அதற்குப் பிறகு எந்த மேடையில் எந்தக் கீபோர்டைத் தொட்டாலும் அவன் கைக்கு அது அலறியது. திருநள்ளாற்றுப் பக்கம் ஒரு கல்யாணத்தில் தாலாட்டுப் பாட்டுக்கு அவன் வாசித்த வாசிப்பில் மாப்பிள்ளையின் அப்பா மேடைக்கு அடியில் ஒளிந்துகொண்டாராம். இப்போது கதிரவன் சாமியானாப் பந்தல் போடுகிறான். இன்டர்நெட்டில் இருந்ததைத் தன் கையாலேயே அழித்துவிட்டான்.

போன மாதம் ஷஃபீனா அறுபத்து நாலையும் வெளியிட்டாள். எண் மட்டுமே இருந்த டோன்கள் எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பெயர். தமீம் அன்சாரி, காரைக்கால்.

கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். நானும் அப்படித்தான் நினைத்தேன். கதிரவன் விட்டுப்போன கீபோர்டை நேற்றுவரை பயமில்லாமல் வாசித்துக்கொண்டிருந்தேன். மெல்லத் தொட்டால் முப்பது, கொஞ்சம் அழுத்தினால் எழுபது. சாதுவான பசு.

ஆனால் கருவிப்பையின் அடியில் இருந்த அந்த இரண்டாவது கேசட்டை நான் கொடுக்கவே இல்லை. அவள் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. விற்பதற்கல்ல, சத்தியமாக. ஒரு பைத்தியக்காரனின் ஆசை. இன்று மதியம் அதை எடுத்தேன். நாற்பத்தேழைப் பிரித்து, குமிழ்களைக் கொஞ்சம் அப்படி இப்படி நகர்த்தி, அதற்கு என் பெயரை வைத்தால் எப்படி இருக்கும் என்று ஒரே ஒரு நிமிடம் நினைத்தேன். நினைக்கத்தான் செய்தேன்.

கிராம்பு வாசனை வந்தது.

உடனே கேசட்டை மேசையில் வைத்துவிட்டேன். கீபோர்டை அணைத்தேன். பிளக்கைப் பிடுங்கினேன். விடிந்ததும் அந்தத் தெருவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன் தமீமு என்று வாய்விட்டுச் சொன்னேன்.

பிளக் என் மடியில்தான் கிடக்கிறது.

திரையில் எண் எரிகிறது. 127.