மூட்டத்தின் வாய்

புகையில் வேறு ஒரு வாடை கலந்திருந்தது.

பன்னிரண்டு வருஷமாகக் கரிமூட்டம் போடுகிறவள் பொன்னுத்தாய். பச்சைக் கட்டை வேகிற வாடை, பட்டை கருகுகிற வாடை, மேலே பூசிய மண் காய்கிற வாடை எல்லாம் அவளுக்குத் தன் வேர்வை மாதிரி பழகிப்போனவை. இது அதில் எதுவும் இல்லை. அடுப்படியில் தலை சீவும்போது உதிர்ந்த முடி நெருப்பில் விழுந்தால் ஒரு வாடை வருமே, அது. காற்று திரும்பியதும் போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் திரும்பவும் வந்தது.

"இங்க பாருங்க, ஒரு மாதிரி நாறுதுல்ல?" என்றாள்.

சோலை தலையைத் தூக்கவில்லை. தன் புருஷனுக்கு ஆண்டவன் மூக்கைக் கொடுத்தது பீடிப்புகை விடுவதற்கு மட்டும்தான் என்று அவள் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறாள். "உடும்பு கிடும்பு உள்ள போயிருக்கும். போன மூட்டத்துல கீரி கெடந்துச்சுல்ல," என்றான்.

அதுவும் நியாயம்தான். திருச்சுழிப் பக்கத்துச் சித்திரை வெயிலில் நிழல் என்ன லேசில் கிடைக்கிற சரக்கா? கண்ணுக்கு எட்டிய வரை சீமைக்கருவேல், வெடித்துக் கிடக்கும் கண்மாய், அதன் மேல் நடுங்குகிற வெக்கை. ஆள் உயரத்துக்குக் கட்டைகளை நட்டு, தழை போட்டு, மண் பூசி நிறுத்திய மூட்டத்தின் வயிற்றுக்குள்தான் அந்தக் காட்டிலேயே குளிர்ச்சி. ஒரு பக்கம் அடியில் தீ வைக்கிற வாய் மட்டும் திறந்திருக்கும், அதிலிருந்து எதிர்ப்பக்கம் வரை கட்டைகளுக்கு நடுவே ஒரு பொந்து. பூச்சு காயட்டும் என்று காலையிலிருந்து அதை அப்படியே விட்டிருந்தார்கள். உச்சிப்பொழுதில் கஞ்சி குடித்துவிட்டு வந்து பொன்னுத்தாய்தான் தீ வைத்தாள்.

ரெண்டரை மணி வாக்கில் போலீஸ்காரர் மதன்குமாரின் பைக் வந்தது. பின்னால் லாரன்ஸ் உட்கார்ந்திருந்தார். ரோட்டோரம் மளிகைக்கடை வைத்திருப்பவர், சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டிருந்தார்.

"ஏஞ்சலினக் காணோம் பொன்னுத்தாயி. பதினோரு மணிக்குக் கடையில இருந்தா. மஞ்சக் கவுனு."

அவருடைய ஒரே மகள். ஆறு வயது.

பொன்னுத்தாய் ஒரு தரம் மூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். அது எதனால் என்று அப்போது அவள் யோசிக்கவில்லை.

"இந்தச் சுத்துவட்டாரத்துல எல்லாப் போனுக்கும் அலர்ட் அடிச்சுரலாம்க்கா," என்றார் மதன்குமார். சின்ன வயது, நல்ல மனுஷன், அவசரத்தில் இருந்தார். "ஆனா சட்டத்துல ஒரு வரைமுறை வச்சிருக்காங்க. சும்மா காணாமப் போச்சுன்னா அடிக்க முடியாது. யாரோ தூக்கிட்டுப் போனதுக்கு அடையாளம் வேணும். ஆளோ, வண்டியோ, பாத்தேன்னு ஒருத்தர் சொல்லணும். சொன்னா அஞ்சு நிமிஷத்துல மேல அனுப்பிருவேன். இந்த ரோட்ட காலையில இருந்து பாத்துக்கிட்டு இருந்தது நீங்கதான்."

லாரன்ஸ் கும்பிட்டார். கடனுக்கு அரிசி கேட்டு அவள்தான் அவரைக் கும்பிட்டுப் பழக்கம். பெத்தவன் முகத்தைப் பார்த்தால் கல்லும் சாட்சி சொல்லும். அவள் கல்லும் இல்லையே.

"ஒரு வெள்ள வேனு போச்சு. போர்வ விக்கிற வண்டி."

"எத்தன மணிக்கு?"

பத்து மணிக்கு. அது அவளுக்கு நன்றாகத் தெரியும். "பதினொன்னு, பதினொன்னரை இருக்கும்," என்றாள்.

"உள்ள பிள்ள இருந்துச்சாக்கா?"

"மஞ்சளா என்னமோ தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு."

அவர் போனில் பேசிக்கொண்டே பைக்கைக் கிளப்பினார். சொன்ன மாதிரியே அஞ்சு நிமிஷம். அவள் மடியில் கிடந்த போன் அலறியது. சத்தத்தை அமர்த்தி வைத்திருந்த போன். சோலையின் போன் அலறியது. காட்டுக்குள் விறகு வெட்டுகிறவர்களின் போன்கள், ரோட்டில் போன பஸ்ஸுக்குள் இருந்த போன்கள் எல்லாம் ஒரே குரலில் அலறின. குழந்தை கடத்தல், வயது ஆறு, மஞ்சள் உடை, வெள்ளை வேன், போர்வை வியாபாரி, வேனுக்குள் குழந்தை காணப்பட்டது. அவள் சொன்னதுதான் எல்லாம். அந்த 'மாதிரி'யை மட்டும் காணோம்.

சோலை அரிவாளை எடுத்துக்கொண்டு, விறகு வெட்டுகிற ஜெயபாண்டியின் வண்டியில் ஏறிப் போனான். பைக்குகள் சாரிசாரியாகப் போயின. புழுதி அடங்க நேரமாயிற்று.

தீ வைத்த மூட்டத்தைத் தனியே விட்டுவிட்டுப் போக முடியாது. மண் வெடிக்கும். வெடிப்பு வழியே காற்று புகுந்தால் உள்ளே இருப்பது குப்பென்று பிடித்து, ஒரு மாதப் பாடு ஒரு ராத்திரியில் சாம்பலாகும். வெடித்த இடத்தில் ஈர மண்ணை அப்பிக்கொண்டே இருக்க வேண்டும். பொன்னுத்தாய் குடத்துத் தண்ணீரை ஊற்றி மண் குழைத்தாள், அப்பினாள், சுற்றி வந்தாள். வெந்த மண்ணில் தண்ணீர் பட்டுச் சீறுகிற சத்தம், உள்ளே கட்டைகள் நெரிகிற சத்தம், தூரத்தில் எங்கோ ஒரு செம்போத்தின் கூப்பாடு, இவ்வளவுதான் இருந்தன.

அப்புறம் ஒரு தட்டல்.

கட்டை வெடித்தால் படீர் என்று கேட்கும். இது மெதுவாக இருந்தது. வாய்க்கு நேர் எதிர்ப்புறம், அடியில். தீ மேலே ஏறித்தான் கீழே இறங்கும், அந்த மூலைக்கு வந்து சேர நாளை ஆகிவிடும். மூட்டத்திலேயே கடைசியாக வேகிற இடம் அது.

தட்டல் நின்றது.

காலையில் அந்தப் பிள்ளை இங்கே வந்திருந்தது. கடைக்கு ஓடுவதற்கு முன்னால், எட்டு மணிக்கு. ரெட்டைச் சடையை ஆட்டிக்கொண்டு வாய் வழியே உள்ளே எட்டிப் பார்த்தது. "இது யாரு வீடு அத்த?" என்று கேட்டது. "யாரும் இல்லாத வீடு, போ," என்று அவள் விரட்டினாள்.

தீ வைக்கிறவர்கள் வாய்க்குள் பார்க்கக் கூடாது. மாமியார் சொல்லிக்கொடுத்த முறை, மாமியாருக்கு அவள் மாமியார். கண் பட்டால் கரி சாம்பல் பூத்துப்போகும் என்பார்கள். அதனால் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் எரிகிற பந்தத்தை உள்ளே தள்ளினாள். தள்ளும்போது உள்ளே என்னவோ சரசரத்தது. அணில் என்று நினைத்தாள். கல்லை வைத்து மண்ணை அப்பி வாயை மூடினாள்.

இல்லை. வேனில்தான் போயிருக்கிறது. அரசாங்கமே சொல்கிறதே. போனை எடுத்துத் திரும்பத் திரும்பப் படித்தாள். வேனுக்குள் குழந்தை காணப்பட்டது. காணப்பட்டது. எழுத்தில் வந்துவிட்டால் அது பொய்யாகுமா?

தன் வாயிலிருந்து வந்த பொய்யைத் தானே சாமி கும்பிடுவதுபோல் கும்பிட்டாள்.

நாலரைக்குச் சோலை பேசினான். "பிடிச்சுட்டோம். மரத்துல கட்டிருக்கோம். வாயத் திறக்க மாட்டேங்கான்." பின்னால் கூட்டத்தின் இரைச்சல். நடுவே ஒரு குரல், ஆம்பளைக் குரல், அம்மா அம்மா என்றது. சதையில் கட்டை விழுகிற சத்தம் போனுக்குள் இவ்வளவு பக்கத்தில் கேட்கும் என்று அவளுக்குத் தெரியாது.

"அடிக்காதீக," என்றாள். "இந்தாங்க, ஒருவேள பிள்ள..."

"என்ன?"

சொன்னால் அந்த ஆள் பிழைப்பான். சொன்னால் அத்தனை பேரும் கட்டையோடு இங்கே திரும்புவார்கள். மூட்டத்தின் வாயில் அவள் அப்பிய மண்ணில் ஐந்து விரலும் கையெழுத்துப் போலப் பதிந்திருந்தன.

"ஒண்ணுமில்ல," என்றாள்.

அந்தக் குரல் இன்னொரு தரம் அம்மா என்றது. போன் அணைந்தது.

கடப்பாரையை எடுத்தாள். எதிர்ப்புறம் போய் நின்றாள். ஓங்கினாள். ஒரே குத்து. குத்தினால் தெரிந்துவிடும். உள்ளே ஒன்றும் இல்லை என்றால் பாதகமில்லை, கரி போனால் போகட்டும். இருந்தால்? உயிரோடு இருந்தால்? ஓங்கிய கை வலித்தது. தட்டல் கேட்டது. மூன்று. அப்புறம் ஒன்று. அவள் கடப்பாரையைக் கீழே வைத்தாள். சத்தம் வராமல், பக்குவமாக வைத்தாள். அந்தப் பக்குவத்தை நினைத்து அவளுக்கே தன் மேல் பயமாக இருந்தது.

பொழுது சாய்கிற நேரத்தில் சோலை தனியாக வந்தான். முழங்கை வரை ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. சட்டையில் சதைத் துணுக்கு ஒட்டியிருந்தது, அது அவனுக்குத் தெரியவில்லை.

"செத்துட்டான்," என்றான். "லைசன்சுல ராம்குமாருன்னு போட்டிருக்கு. வேனுக்குள்ள எல்லாம் போர்வதான். மஞ்சப் போர்வ." குடத்தருகே குத்தவைத்து உட்கார்ந்து அவளையே பார்த்தான். "நீ பிள்ளையப் பாத்தியா இல்லயா?"

அவள் மண்ணைக் குழைத்துக்கொண்டே இருந்தாள்.

மூட்டம் பதில் சொன்னது. அடியில், அந்தப் பக்கம். மூன்று தட்டல்.

சோலை எழுந்தான். அவள் முகத்தைப் பார்த்தான், மூட்டத்தைப் பார்த்தான். கேட்க வேண்டியதை அவன் கேட்கவில்லை. தட்டல் வந்த இடத்திலேயே மண்பூச்சில் ஒரு சாண் நீளத்துக்கு வெடிப்பு விட்டது. புகை சீறி வந்தது. முடி வாடை. வெடிப்பின் ஓரத்தில் மஞ்சள் கவுனின் சரிகை, ஓரம் மட்டும் பொசுங்கியிருந்தது.

கண்மாய்க்கரையில் டார்ச் வெளிச்சங்கள் தெரிந்தன. ஊர் திரும்பிக்கொண்டிருந்தது. முன்னால் லாரன்ஸ்.

"ஏஞ்சலின்," என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தார். "ஏஞ்சலின்."

தட்டல் வேகமானது.

சோலை இரண்டு கையாலும் மண்ணை அள்ளினான். ரத்தம் மண்ணில் கரைந்தது. வெடிப்பின் மேல் அப்பினான். போதவில்லை. பொன்னுத்தாய் குடத்தைச் சாய்த்தாள், குழைத்தாள், கொடுத்தாள். வாங்கி அப்பினான். பன்னிரண்டு வருஷத்துப் பழக்கம், பேச்சே தேவைப்படவில்லை.

அவன் உள்ளங்கைக்குக் கீழே ஈர மண் வெளியே பிதுங்கியது. நான்கு மேடுகள். கோவைப்பழம் அளவு, நான்கும் ஒரே வரிசையில். உள்ளிருந்து தள்ளின. அவன் கை வழுக்கியது.

பொன்னுத்தாய் அவன் கையின் மேல் தன் கையை வைத்து அழுத்தினாள்.